நூற்றெண்பது அடி

சம்மு ஒரு நொடி முந்திச் சிரித்துவிட்டாள். திரையில் அந்தக் குண்டுப் பறவை கிளையில் உட்காரப் போகிறது, கிளை முறிந்து சேற்றில் தலைகுப்புற விழப் போகிறது. ஆனால் இன்னும் விழவில்லை, கிளை வளையத்தான் தொடங்கியிருந்தது, அதற்குள் கோமதிநாயகத்தின் இடப்பக்கத்து இருக்கையிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் பறவை விழுந்தது. பிறகுதான் அரங்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் பேத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. தென்காசியில் ஒரு தியேட்டரில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். புரொஜெக்டருக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்ததைவிடத் தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். முதல் தடவை பார்க்கிறவன் வசனம் முடிந்த பிறகு சிரிப்பான். இரண்டாம் தடவை வந்தவனுக்கு வசனம் முடியுமுன்னே தோள் குலுங்கும். அழுகைக் காட்சி வருமுன்னே துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் அவர் தவறியதே கிடையாது. சம்மு இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ஆனால் காலையில் தமயந்தி, தலையைத் துவட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னது வேறு. "ஒரு வாரமா நச்சரிக்கிறாப்பா, இந்தப் படத்தை எல்லாரும் பார்த்துட்டாங்க, நான் மட்டும் பார்க்கலைன்னு. எனக்கும் அவருக்கும் சனிக்கிழமையும் வேலை. நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்." நச்சரித்தாளாம். ஒரே வீட்டில்தான் அவரும் இருக்கிறார், அடுத்த அறையில்தான் படுக்கிறார், அவர் காதில் எந்த நச்சரிப்பும் விழவில்லையே.

மகள் பொய் சொன்னால் அதற்கொரு காரணம் இருக்கும். அதைத்தான் பதினைந்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். குளிரூட்டிய காற்று கழுத்தின் பின்பக்கம் இறங்கியது, துண்டை இழுத்து மூடிக்கொண்டார். முதலில் குளியலறை விளக்கு. அதை அணைக்காமல் வருவது அவருக்குப் பழகிப்போன தப்பு. "அப்பா, கரண்டு என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?" என்று தமயந்தி கத்துவதும் பழகிப்போனது. அந்தக் கத்தல் நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அவளே போய்ச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டு வருகிறாள். பிறகு மீன் குழம்பில் நடுத்துண்டு அவர் தட்டுக்கு வரத் தொடங்கியது. மாப்பிள்ளை ரகுநந்தன், இவர் அவர்களோடு இருக்க வந்த ஏழு வருஷமாக "சாப்டாச்சா மாமா?" என்பதற்கு மேல் பேசாதவர், சாயங்காலம் நடைக்கு அவரோடு கூட வந்து மழை வருமா வராதா என்று விசாரிக்கிறார். பிறகு மிக்சி. அதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அடுக்களையில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இவர் தண்ணீர் எடுக்கப் போனார், செருப்புச் சத்தம் கேட்டதும் மிக்சி ஓடத் தொடங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லாத மிக்சி. அரைபடும் சத்தத்துக்கும் வெறுமனே சுற்றும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? பிலிம் இருக்கிற புரொஜெக்டரும் பிலிம் அறுந்த புரொஜெக்டரும் போலத்தான். அன்றைக்குச் சாப்பாட்டில் சட்டினியும் இல்லை, துவையலும் இல்லை. பிரிட்ஜ் மேலிருந்த பச்சை பைல் மறுநாள் அங்கே இல்லை. போன வாரம் தமயந்தி முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். "கொட்டுதுப்பா, அதான்." வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்டால் எங்கேயோ ஏதோ ஆகியிருக்கிறது. முதலில் தனக்குத்தானோ என்று நினைத்தார். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை அவரே வாங்கி அவரே படித்தவர், அதில் ஒன்றுமில்லை. முதியோர் இல்லமோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டார். ஆனால் அப்பாவை அனுப்பப் போகிறவள் தன் முடியை ஏன் வெட்டுகிறாள்? அதற்கு மேல் நினைக்க அவர் மனசு ஒவ்வொரு தடவையும் மறுத்து, திரும்ப விளக்குக்கும் மீனுக்கும் போய்விடுகிறது.

திரையில் தாயும் குட்டியும் புல்வெளியில் போய்க்கொண்டிருந்தன. அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், எறும்பைத் தின்று வாழும் பிராணி. குட்டி தாயின் வாலைக் கட்டிப் பிடித்தபடி சவாரி போகிறது. சில்லு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்க் குரல் கொடுத்த பெண் எல்லா வாக்கியத்தையும் கொஞ்சிக் கொஞ்சி முடித்தாள். தாய் அழுங்குக்குக் கண் கோலிக்குண்டு அளவு, இமை நீளம், குரலில் தேன். கோமதிநாயகம் சம்முவோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட படங்களை டிவியில் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. அவற்றின் சூது அவருக்குத் தெரியும். அம்மாவோ அப்பாவோ முதல் கால் மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். போகும்போது மழை பெய்யும். உடம்பைக் காட்ட மாட்டார்கள். ஓர் இலை உதிரும், அல்லது ஒரு கை மெல்ல நழுவும். ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் பிள்ளை வளர்ந்து, தோள் அகன்று, ஓட்டமெடுத்து வரும். அழுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர்தான், மூக்கு ஒழுகுவதே இல்லை. யாரும் "செத்துட்டாங்க" என்று சொல்வதில்லை. நட்சத்திரமாகிவிட்டார்கள், காற்றாகிவிட்டார்கள், உன் நெஞ்சுக்குள் இருக்கிறார்கள். அப்புறம் நல்லவர்கள் வருவார்கள். நல்லவர்கள் என்றால் குண்டாக இருப்பார்கள், மெதுவாகப் பேசுவார்கள், அடைக்கலம் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். எத்தனை நாளைக்கு இருப்பே என்று ஒரு கரடியோ யானையோ கேட்டு அவர் பார்த்ததில்லை. அவருடைய சொந்தத் தங்கச்சி, தங்கமானவள், சிறுமியாக இருந்த தமயந்தியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட ஐந்தாம் நாளே கேட்டாள். "எத்தன நாளைக்குண்ணே? அவுக வீட்ல கேக்காக." அது தப்பில்லை. நிஜமான தயவு அப்படித்தான் இருக்கும், ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு. அவர் மனைவி ஆவுடை செத்தபோது தெருவே தயவாக இருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரர் பெண்டாட்டி தினம் காலையில் தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்து வைத்தாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது, பதினேழாம் நாள் வாளி வரவில்லை. அவர் எட்டு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பசியால் அல்ல. வாளி வராததால்தான் அவருக்கு ஆவுடை செத்தது உறைத்தது. இந்தப் படத்தில் ஐம்பது நிமிஷம் ஆகியும் தாய் உயிரோடு இருக்கிறது. அதுதான் பிடிபடவில்லை. ஏன் இவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள்? நன்றாகப் பழக விட்டுப் பிறகு கொல்லவா?

சம்மு பாப்கார்ன் டப்பாவை அவர் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோங்க தாத்தா." இதுவும்தான். எட்டு வயசுப் பெண், போன மாசம் வரைக்கும் கடைசி மிட்டாய்க்குச் சண்டை போட்டவள், இன்றைக்கு நீட்டுகிறாள். இவளும் நல்லவளாகிவிட்டாளா. இரண்டு எடுத்து வாயில் போட்டார், நமுத்த உப்பு. தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தார், இந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. மேலே கண்ணாடிச் சதுரத்திலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆள் கிடையாது என்று மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார். எங்கேயோ ஒருத்தன் பொத்தானை அமுக்குகிறான், எல்லா அரங்கிலும் படம் தானாகவே ஓடுகிறது. புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற வாடை இல்லை, சூடு இல்லை, ரீலை மாற்றச் சொல்லித் திரையின் மேல் மூலையில் வருகிற புள்ளி இல்லை. யாரும் இல்லை. அப்படியானால் வெட்டவும் யாரும் இல்லை. இந்த நினைப்புக்கு வரக்கூடாது என்றுதான் காலையிலிருந்து மனசை வேறு பக்கம் நடத்திக்கொண்டு வந்தார், அது சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது.

ரீல் நான்கு. தென்காசித் தியேட்டரில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படம், பள்ளிக்கூடங்களுக்காகக் காலைக் காட்சி போட்டார்கள், பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். உப்பு மூட்டை சுமக்கிற ஒரு கழுதையும் அதன் குட்டியும். படப்பெட்டி வந்த அன்றைக்குத் தனியாகப் போட்டுப் பார்த்தார், அது முறை. நான்காம் ரீலில் தாய்க் கழுதை மலைச்சரிவில் இடறி விழுகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறது. எழுந்திருக்கவில்லை. குட்டி அதன் காதைக் கடித்து இழுக்கிறது. அது வரைந்த கழுதைதான், ஆனாலும் அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தமயந்தி வருவாள். ஆவுடை மஞ்சள் காமாலையில் போய் எட்டு மாசம். தமயந்தியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. ஆவுடை போன அன்றைக்குக் காலையிலேயே அவளைக் கடையநல்லூருக்குத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கு, தூங்கிட்டிருக்கா, என்று சொல்லித்தான். அவள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து, வாடகைப் பெஞ்சு போய், வீடு கழுவிவிட்டிருந்தது. அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, என்றார். எந்த ஊர்ப்பா? மதுரை. மதுரை என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எட்டு மாசமாக அவள் யாரைப் பார்த்தாலும் மதுரையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கும்போது அந்தக் கழுதை விழுவதை அவள் பார்க்கலாமா? பிளேடை எடுத்தார். கழுதை விழுகிற படச்சட்டத்துக்கு முன்னால் ஒரு வெட்டு, குட்டி தனியாக நடந்து போகிற சட்டத்தில் ஒரு வெட்டு. இரண்டு முனையிலும் மேற்பூச்சைச் சுரண்டி, பசை தடவி, அழுத்திப் பிடித்து இருபதுவரை எண்ணினார். வெட்டிய துண்டைக் கையால் அளந்தார், நூற்றெண்பது அடி, இரண்டு நிமிஷம். ஒட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது. பத்தாம் வகுப்பும் தாண்டாத மனுஷன் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை, அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மறுநாள் ஓட்டை வழியாக அவர் படத்தைப் பார்க்கவில்லை, இடப்பக்கம் ஆறாவது வரிசையில் தமயந்தியின் இரட்டைப் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டு கடந்துபோனது, டக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தாயோடு போய்க்கொண்டிருந்த குட்டி தனியாகப் போனது. பின்னல் அசைந்தது. இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது, பிறகு பெஞ்சின் மேல் எழுந்து நின்றது. டீச்சர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு படம் முடியும் வரைக்கும் அந்தத் தலை திரையின் நடுவைப் பார்க்கவே இல்லை, ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, தாய்க் கழுதை எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்று. மத்தியான வெயிலில் கூட்டிக்கொண்டு நடக்கும்போது கேட்டாள், "அப்பா, அம்மாக் கழுத எப்பம்ப்பா திரும்பி வந்துச்சு? நான் கண்ண மூடுனப்ப வந்துட்டுப் போயிருச்சோ?" அவர், "ஆமா, வந்துச்சு," என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கும் அவரால் விழுங்க முடியவில்லை. மறுநாளும் வந்தாள், அடம்பிடித்து. இந்தத் தடவை கண்ணை இமைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். விரலால் இரண்டு இமையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். ஆபரேட்டர் ரூமிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குழந்தை கண்ணுக்குத் தொலைநோக்கி வைத்திருப்பது போல இருந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்புமுன் அந்தத் துண்டை மறுபடி ஒட்டிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் விநியோகஸ்தரின் ஆள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து பெட்டியைத் தூக்கிப் போய்விட்டான். துண்டு அவரிடமே தங்கிவிட்டது. அது இல்லாமலே அந்தப் படம் சங்கரன்கோவில், ராஜபாளையம், சிவகாசி என்று போயிருக்கும். எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகள் ஓரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. அவர்களுக்கெல்லாம் அம்மா வீட்டில் இருந்திருப்பாள். அவர்கள் மறந்திருப்பார்கள்.

துண்டைச் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தார். எறிந்திருக்கலாம், எறியவில்லை. தமயந்திக்குப் பதினான்கு வயசானபோது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயம், டப்பாவை அவளே இறக்கினாள். அவர் வாசற்படியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால், சன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து ஒவ்வொரு சட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தாள், விரலில் சுண்ணாம்பு. நூற்றெண்பது அடியையும் பார்த்தாள். சுருட்டி மூடினாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கழுத விழுந்துதான் செத்துச்சு போல," என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி," என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை, அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி அதற்குள் பள்ளிக்கூடத்தில் யார் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று முப்பது வருஷமாக அவர் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். மன்னித்தாளா, குறித்து வைத்துக்கொண்டாளா. பொறுத்திருந்து ஒருநாள் திருப்பிக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாளா. அந்த நாள்தான் இதுவோ. சே, என்ன நினைப்பு, பெற்ற மகளைப் பற்றி. ஆனால் அந்த மிக்சி? அந்த முடி?

புல்வெளியில் வெளிச்சம் மங்கியது. வயலின் மெதுவாக ஏறியது. வந்துவிட்டது, என்று அவர் நிமிர்ந்தார். இந்த வயலின் எதற்காக ஏறுகிறதென்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். கண்ணி வைக்கிறவர்களின் நாய்கள் தூரத்தில் குரைத்தன. தாய் அழுங்கு நின்றது, வாலை முன்னால் வளைத்துக் குட்டியை வயிற்றுக்குள் இழுத்தது, தலையை மடக்கியது. அதே நேரத்தில் அவர் கண்ணின் மேல் ஏதோ வந்து மூடியது. சின்னது, பிசுபிசுப்பானது, உப்பும் வெண்ணெயும் மணத்தது. சம்முவின் உள்ளங்கை. தன் கண்ணை அல்ல, அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு, இருக்கையில் முழங்காலிட்டு நின்றாள்.

"என்னம்மா இது?"

"பார்க்காதீங்க தாத்தா. முடிஞ்சதும் சொல்றேன்."

"நீ இந்தப் படத்தை முன்னாடியே பார்த்துட்ட, இல்ல?"

கை அசையவில்லை. மூச்சு மட்டும் கன்னத்தில் பட்டது. "போன ஞாயித்துக்கிழமை. அம்மாகூட. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"என் கண்ணைப் பொத்தச் சொன்னது யாரு?"

"அம்மாதான். இந்த இடம் வந்தா தாத்தா கண்ணைப் பொத்திடுன்னாங்க. தாத்தாவுக்கு இதெல்லாம் தாங்காதாம். நீங்க பெரிய ஆளா இருந்தப்பவே தாங்கலையாம், வெட்டிட்டீங்களாம்."

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் "ஷ்" என்றாள். அந்தச் சின்னக் கைக்குப் பின்னால் இருட்டாகவும் சிவப்பாகவும் இருந்தது. அவர் கேட்டார், கேட்பது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது, "அம்மாவுக்கு என்னம்மா?" சம்மு வாயை அவர் காதருகே கொண்டுவந்தாள், ரகசியம் சொல்லும் பிள்ளைகள் எச்சில் தெறிக்கச் சொல்வது போலவே சொன்னாள். அம்மாவுக்கு மார்ல கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். அப்புறம் மருந்து ஏத்துவாங்க, முடியெல்லாம் போயிடும், அதனாலதான் முன்னாடியே வெட்டிட்டாங்க. "சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஆனா சரியாகாமலும் போகலாம்னு அம்மா சொன்னாங்க. ரெண்டையும் சொன்னாங்க. படம் முடிஞ்சு ஐஸ்க்ரீம் வாங்கித் தந்துட்டுச் சொன்னாங்க. நான் அழுதேன், அம்மாவும் அழுதாங்க, அம்மாவுக்கு மூக்குல இருந்து சளி வந்துச்சு." சற்று நின்று, "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. இப்ப சொல்லிட்டேன். போச்சு," என்றாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்தார். பிடுங்கவில்லை, ஒவ்வொரு விரலாக எடுத்தார், அவள் முதலில் அழுத்தினாள், பிறகு விட்டுவிட்டாள். திரையில் தாய் உருண்டையாகச் சுருண்டிருந்தது, நாய்கள் போய்விட்டிருந்தன. செதில்களின் இடுக்கில் குட்டி முண்டி முண்டி வெளியே வந்தது. தட்டியது. முட்டியது. உருண்டை பிரியவில்லை. அவருக்குள் அடிக்கணக்கு தானாகவே ஓடியது, மூச்சுக்கு இவ்வளவு என்று, பத்து, இருபது, முப்பது. கண்ணை இமைக்கக் கூடாது என்று தோன்றியது, எங்கிருந்து தோன்றியது என்றும் தெரிந்தது. பிறகு மழை வந்தது, வரும் என்று தெரியும். அறுபது அடியில் வெட்டிவிட்டார்கள். அறுபதுதான். பாவிகள். இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம், அந்தக் குட்டிக்கு விளங்குகிற வரைக்குமாவது. குண்டுப் பறவை வந்து, குடையென்று ஓர் இலையைப் பிடித்து, இலை ஓட்டையாக இருந்து, தன் தலையிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். சம்மு இந்தத் தடவை முந்தவில்லை, சிரிக்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரீல் சரியாக ஓடுகிறதா என்று ஓட்டை வழியாகப் பார்க்கிறவன் மாதிரி. அவர் மூக்கைத் துண்டால் துடைத்தார்.

இடைவேளைக்கு விளக்குகள் எரிந்தன. அவர் எழுந்திருக்காமல் போனை எடுத்தார், எண்ணைத் தேடினார், சம்முவே அமுக்கித் தந்தாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள் தமயந்தி. அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"என்னப்பா, இடைவேளையா? குளிருதா உங்களுக்கு?"

"குளிரெல்லாம் இல்ல. பார்த்துட்டேன்."

"எதைப்பா?"

"அந்த அழுங்கு சாகறதை. முழுசா." அந்தப் பக்கம், பின்னணியில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள், சக்கரம் உருளுகிற சத்தம், வேலைக்குப் போன இடமில்லை அது. "ஆஸ்பத்திரியிலதானே இருக்க?"

"ஆமா. மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கணும்னாங்க." பிறகு, "அவ உளறிட்டாளா?"

"பொத்தத்தான் செஞ்சா. நான்தான் கையை எடுத்துட்டேன்." வேறு ஏதோ சொல்ல வேண்டும். மதுரை என்று சொன்னதைப் பற்றி, ஆமா வந்துச்சு என்று சொன்னதைப் பற்றி. வாயில் வந்தது வேறு. "எத்தனை அடி மிச்சம் வச்சிருக்க, தமயந்தி? இன்னும் ஏதாவது இருக்கா, நீ எங்கிட்டச் சொல்லாதது?"

அவள் சிரித்தாள், அல்லது மூக்கை உறிஞ்சினாள், போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. "இல்லப்பா. இதுதான் எல்லாம். மூணு மணிக்கு ஸ்கேன் இருக்கு. வாறீயளா?"

வாறீயளா. அவள் சென்னைக்கு வந்த இந்த இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தத் தென்காசிச் சொல்லை அவர் கேட்டதில்லை. "வாறேன்," என்றார்.

"சரி," என்றாள். அவர் காதை அழுத்திக்கொண்டு கேட்டார், பழைய சரியா, வேறு சரியா என்று. பிடிபடவில்லை. இதுதான் எல்லாம் என்றாளே, அதை நம்பலாமா? அவரும் ஒருகாலத்தில் நம்பும்படியாகத்தான் சொன்னார். ஒட்டு நன்றாக வந்திருந்தால் வெட்டினது தெரியாது. மூன்று மணிக்கு அந்த டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவள் முகத்தை அல்ல. பச்சை பைலைக் கையில் வாங்கி, ஒவ்வொரு தாளாக, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

விளக்குகள் அணைந்தன. சம்மு அவர் தோளில் சாய்ந்தாள், பாப்கார்ன் டப்பா காலியாகிக் கீழே உருண்டது. "தாத்தா, இனிமே பொத்த வேணாமா?" "வேணாம்."  பிறகு, அதுவரைக்கும் இருந்த பெரிய மனுஷிக் குரல் போய், "அப்ப நீங்க எனக்குப் பொத்துங்க," என்றாள். "இப்ப சில்லு வளைக்குள்ள போய் அம்மா படுத்திருந்த இடத்தை மோந்து பார்க்கும். அம்மா செத்தது கூட பரவால்ல. இது வேணாம். அன்னிக்கு அம்மா பக்கத்துல இருந்தாங்க, அதனால பார்த்துட்டேன்." திரையில் குட்டி மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் கையைத் தூக்கினார். பொத்துவதா? பொத்தாமல் இருப்பதா? பிளேடு பிடித்த கை, இத்தனை வருஷம் கழித்தும் கட்டைவிரலின் ஓரத்தில் அந்தக் காய்ப்பு இருக்கிறது. குழந்தையின் நெற்றியில் அதை வைத்து, கண்களின் மேல் இறக்கினார். இறக்கும்போதே விரல்களைக் கொஞ்சம் விரித்துக்கொண்டார், ஒரு விரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே திரை தெரியும் அளவுக்கு. வேண்டுமென்றால் அவள் பார்க்கட்டும், வேண்டாமென்றால் மூடிக்கொள்ளட்டும். வளைக்குள் இருட்டாக இருந்தது. குட்டி மோந்து பார்த்தது. உள்ளங்கையில் அவளுடைய இமைமயிர் ஒரு தடவை அடித்தது, இன்னொரு தடவை அடித்தது, பிறகு அடிக்கவில்லை. மூடிக்கொண்டாளா, இமைக்காமல் பார்க்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்கலாம். அவர் பார்க்கவில்லை. கையை எடுக்காமல், அசைக்காமல், அந்தக் குட்டி வளையை விட்டு வெளியே வருகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.